ஜெரார்டின் பெஞ்சு எந்தப் பக்கம்

இது நடந்தது இரண்டாயிரத்து எட்டிலா ஒன்பதிலா என்று இப்போது என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ட்ரம்னாகோர் நகர மன்றத்தில் கூட்டக் குறிப்பு எழுதியவன் நான்தான். அதனால் மற்றவர்களைவிட எனக்குத் தெளிவாக நினைவிருக்கும் என்று நீங்கள் நினைக்கலாம். நடந்ததை நினைவில் வைத்துக்கொள்வதற்காக யாரும் கூட்டக் குறிப்பு எழுதச் சொல்வதில்லை. இருபத்தாறு வருடம் எழுதியதில் காதால் கேட்டது எது, கையால் எழுதியது எது என்பது எனக்குள் கலந்துவிட்டது. கூட்டத்துக்கு வெளியே நடந்தவற்றை மாலகி ராஃபர்ட்டியே பிற்காலத்தில் என்னிடம் சொன்னார். அவர் கூட்டிச் சொன்னாரா குறைத்துச் சொன்னாரா என்பதும் தெரியாது. தெரிந்த அளவில் சொல்கிறேன்.

மாலகி பதினெட்டு வயதில், பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்த கத்தோலிக்கர்களின் ஆயுத இயக்கத்தில் சேர்ந்தார். இருபத்தோரு வயதில் நகர மன்றக் கட்டடத்தின் வாசலில் ஒரு பால் வண்டியை நிறுத்திவிட்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்து போனார். முன்கூட்டியே போன் செய்து எச்சரித்திருந்ததால் ஆள் சேதம் இல்லை. மன்றச் செயலரின் நாற்காலி மட்டும் ஆற்றின் அக்கரையில் கிடைத்தது. பிடிபட இரண்டு வருடம் ஆனது. பன்னிரண்டு வருடம் சிறையில் இருந்தார். வெளியே வந்ததும் இயக்கம் அவரிடம் ஒரு டையைக் கொடுத்து, தேர்தலில் நில் என்றது. துப்பாக்கியை எடு என்றபோது ஏன் என்று கேட்காதவர் டையைக் கட்டு என்றபோதும் கேட்கவில்லை. ஜெயித்து, புதிதாகக் கட்டிய அதே மன்றத்துக்குள் போய் உட்கார்ந்தார். அவருடைய முதல் தீர்மானம், ஹீட்டர் சரியில்லை, பழைய கட்டடத்தில் இவ்வளவு குளிரடிக்கவில்லை என்பது.

எதிர்த் தரப்பான புராட்டஸ்டண்ட்காரர்களின் தலைவர் மெர்வின் ஸ்டின்சன். மாட்டுப் பண்ணைக்காரர், தன் சபையில் மூப்பர். கொலைகாரர்களோடு பேசுவதில்லை என்று வேதப் புத்தகத்தின் மேல் சத்தியம் செய்திருந்தார். ஆகவே மாலகியிடம் சொல்ல வேண்டியதையெல்லாம் பல வருடம் சுவர்க் கடிகாரத்திடம் சொன்னார்.

“கடிகாரத்துக்கு ஒண்ணு சொல்லிக்கறேன். மில் தெருவுல குப்பை எடுக்கற நாளை மாத்தணும்.”

“செவ்வாய்க்கிழமை ஒத்துவருமான்னு கடிகாரம் கேட்டுச் சொல்லட்டும்” என்பார் மாலகி, அவரும் கடிகாரத்தைப் பார்த்தே.

சமாதானம் வந்த பிறகு ஸ்டின்சன் ஒரு நாள் மாலகியின் முகத்தைப் பார்த்து, “இன்னிக்கு மழை” என்றார். “ஆமா” என்றார் மாலகி. உள்ளூர்ப் பத்திரிகை அதை முதல் பக்கத்தில் போட்டது. இரண்டு தரப்பும் பேசிக்கொள்ள ஆரம்பித்துவிட்டதால் கடிகாரத்தைக் கழற்றி அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். அதன் பிறகு கூட்டங்கள் எத்தனை மணிக்கு முடிந்தன என்பதற்குக் குறிப்பு இல்லை.

சமாதானத்தால் எங்கள் ஊருக்குக் கிடைத்ததில் பெரியது நினைவு பெஞ்சுக் கொள்கை. நாற்பத்தோரு பக்கம். ஏரிக்கரையில் ஒரு கத்தோலிக்கர் பெயரில் பெஞ்சு போட்டால், அதே நாளில், அதே மரத்தில், பாண்டு மேடையிலிருந்து அதே தூரத்தில் ஒரு புராட்டஸ்டண்ட் பெயரிலும் போட வேண்டும். தூரத்தை அளக்கத் தரப்புக்கு ஒருவராக இரண்டு பேர் போவார்கள். ஜோடி கிடைக்கும்வரை யாருக்கும் பெஞ்சு கிடையாது. பெஞ்சுக் குழுவின் தலைவர் மாலகி.

ஒரு முறை ஸ்டின்சன் பக்கத்துப் புல்லாங்குழல் பாண்டின் முரசுக்காரர் இறந்து பதினான்கு மாதமாகியும் கத்தோலிக்கப் பக்கத்தில் ஜோடி அமையவில்லை. அந்த வருடம் எங்கள் பக்கத்தில் இறந்தவர்கள் யாரையும் அவர்களுடைய குடும்பத்துக்கே பிடிக்கவில்லை. மாலகி கடைசியில் ஓய்வுபெற்ற தபால்காரர் பேக்கி மக்கோர்ட்டைப் போய்ப் பார்த்தார்.

“நான் இன்னும் சாகலையே, மாலகி.”

“அது ஒரு பிரச்சினையே இல்ல, பேக்கி. தேதிய அப்புறமா செதுக்கிக்கலாம்.”

பேக்கி தினமும் பிற்பகலில் தன் நினைவு பெஞ்சில் போய் உட்கார்ந்து பேப்பர் படித்தார். ஒவ்வொரு ஜனவரியிலும் மன்றத்திலிருந்து அவருக்கு ஒரு கடிதம் போகும், தேதி விஷயத்தில் முன்னேற்றம் ஏதும் உண்டா என்று.

இப்படிக் கொள்கை செவ்வனே நடந்துகொண்டிருந்தபோதுதான் நோரீன் மல்க்ரூ வந்தாள். மாலகியின் கட்சி அலுவலகம் முடி திருத்தும் கடைக்கும் குதிரைப் பந்தயக் கடைக்கும் நடுவில் இருந்தது. சனிக்கிழமை காலையில் ஊர்க்காரர்கள் சுவர் ஓதம், சாக்கடை, தெரு விளக்கு என்று வந்து வரிசையில் உட்காருவார்கள். நோரீன் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்ப்பவள். மாலகியின் வயதுதான்.

“கூரை மறுபடி ஒழுகுதா, நோரீன்?”

“கூரைக்கென்ன, நல்லாத்தான் இருக்கு. நீங்கதானே ஆள் அனுப்பிச்சீங்க. நான் ஜெரார்டுக்கு ஒரு பெஞ்சு கேக்க வந்தேன்.”

மாலகி பேனாவை மூடினார். பிறகு திறந்தார்.

ஜெரார்ட் அவளுடைய தம்பி. ரொட்டிக் கடையில் வேலை பார்த்தான். எழுபத்தொன்பதில், பத்தொன்பது வயதில், எல்லைப் பக்கத்துச் சாலை ஓரத்தில் தலையில் சுடப்பட்டுக் கிடந்தான். எதிர்த் தரப்புப் போலீசுக்கு உளவு சொன்னவன் என்று இயக்கம் அறிக்கை விட்டது. அதற்குப் பிறகு மல்க்ரூ வீட்டுக்கு யாரும் போகவில்லை. துக்க வீட்டுக்கு ரொட்டியும் வெட்டின இறைச்சியும் எடுத்துக்கொண்டு ஊரே போகும் வழக்கம் உள்ள தெரு அது. சவ அடக்கத்தன்று ஆறு பேர் இருந்தார்கள், அதில் ஒருவர் பங்குச் சாமியார், ஒருவர் குழி தோண்டியவர். தாய்க்காரி பிரிஜெட் முப்பது வருடமாகப் பூசைக்குக் கடைசி வரிசையில் வந்து உட்கார்ந்து, பூசை முடியுமுன் எழுந்து போய்விடுவாள்.

“அம்மாவுக்கு எண்பத்தெட்டு ஆச்சு” என்றாள் நோரீன். “முதியோர் இல்லத்துல இருக்காங்க. டாக்டர் வசந்தம் வரைக்கும்தான்கறாரு. ஏரில அவன் மீன் பிடிக்கற இடம் ஒண்ணு உண்டு. அங்க அவன் பேர்ல ஒரு பெஞ்சு. அம்மா அதுல ஒரு தரம் உக்காரணும்கறாங்க. அவன் பேரு மேல முதுகை சாய்ச்சு. வேற ஒண்ணும் கேக்கல.”

“பாக்கறேன், நோரீன்.”

“நீங்க பாத்தா நடக்கும். அது தெரியும்.”

அவள் போன பிறகு வரிசையில் இருந்த மற்றவர்களை மாலகி திங்கட்கிழமை வரச் சொன்னார். ஜெரார்டை ஏற்றிப்போன காரை ஓட்டியவர் அவர். சுட்டவர்கள் வேறு இரண்டு பேர், இரண்டு பேரும் இறந்துவிட்டார்கள். ஏழு வாரம் கழித்து உண்மையான உளவாளி யார் என்று தெரிந்தது. அவன் அதற்குள் இங்கிலாந்துக்கு ஓடிவிட்டான். ஆள் மாறிப்போனது இயக்கத்துக்குத் தெரியும், மாலகிக்கும் தெரியும். அறிக்கையைத் திருத்தினால் போராளிகளின் மனம் தளரும் என்று அப்போது முடிவானது. பிறகு அவர் சிறைக்குப் போனார். பிறகு சமாதானம். எந்த நாளிலும் அதைச் சொல்வதற்கான நேரம் அமையவில்லை.

நோரீனின் மனு குழுவுக்கு வந்தது. ஜெரார்ட் எந்தப் பக்கம் என்பதுதான் முதல் கேள்வி.

“பையன் உங்க கோயில்ல ஞானஸ்நானம் வாங்கினவன். உங்க பக்கம்” என்றார் ஸ்டின்சன். அவருக்கு அவசரம் இருந்தது. அவர் தரப்பில் ஒரு போலீஸ் சார்ஜண்டின் பெயர் இரண்டு வருடமாக ஜோடிக்குக் காத்திருந்தது.

மாலகியின் கட்சிக்காரி ஊனா மெக்கீவர் எழுந்தார். “எங்க பக்கம்னா எப்படி? அவனைச் சுட்டதே நாங்கதானே!” என்றவர், என்னைப் பார்த்து, “அதை எழுதிக்காதீங்க” என்றார். எழுதவில்லை.

“நீங்க சுட்டவங்கல்லாம் எங்க பக்கம்னா பாதி ஊரு எங்க பக்கம்தான், அம்மா.”

“அவன் உங்களுக்கு உளவு சொன்னான். உங்களுக்காகச் செத்தான். நன்றி இருந்தா நீங்க போடுங்க பெஞ்சு.”

“எங்களுக்குச் சொன்னதா எனக்குத் தெரியாது. தெரிஞ்சாலும் சொல்ல மாட்டேன். அது போலீஸ் ரகசியம்.”

சமத்துவ அலுவலர் ஹேசல் குரோதர்ஸ் கையைத் தூக்கினார். மன்றத்தில் யார் மனமும் புண்படாமல் பார்த்துக்கொள்வது அவர் வேலை. அதில் அவர் தோற்றதே இல்லை, ஏனென்றால் மனு கொடுத்தவர்களை அவர் சந்திப்பதில்லை.

“இறந்தவர் எந்த சமூகத்தைச் சேர்ந்தவர்ங்கறது அவர் என்ன மதத்துல பிறந்தார்ங்கறதை வெச்சு இல்ல. இப்ப அவரை யார் ஏத்துக்கறாங்கங்கறதை வெச்சு. இவரை ரெண்டு பேரும் ஏத்துக்கல. படிவத்துல மூணாவது கட்டம் இருக்கு, ‘இரண்டும் அல்லாதவர்’னு. ரொம்ப கௌரவமான கட்டம். இது வரைக்கும் யாரும் பயன்படுத்தல.”

குழு நிம்மதி அடைந்தது. ஆனால் இரண்டும் அல்லாதவருக்கு ஜோடியாக இரண்டும் அல்லாத இன்னொருவர் வேண்டும். ஊரில் அப்படி இறந்தவர் ஒருவர்தான். சதுக்கத்தில் மீன் வறுவல் கடை வைத்திருந்த சீனக்காரர், திரு. லாவ். ஹேசலும் மாலகியும் கடைக்குப் போனார்கள். லாவின் மனைவி கல்லாவுக்குப் பின்னால் நின்றபடி கேட்டுக்கொண்டார்.

“பெஞ்சா? அவருக்கு மழையில உக்காரப் பிடிக்காது. இங்க இருந்த இருபது வருஷத்துல ஒரு தடவைகூட அந்த ஏரிப் பக்கம் போனதில்ல.”

“ஆனா அவர் இறந்திருக்காரேம்மா” என்றார் ஹேசல்.

“அதுக்காக?”

“இது உங்க குடும்பத்தை இந்த ஊரோட சேர்த்துக்கற ஒரு வாய்ப்பு.”

“நாங்க இங்க வந்து முப்பத்தஞ்சு வருஷம் ஆச்சு. ரெண்டு தடவை கண்ணாடியை உடைச்சாங்க. ஒரு தடவை அவங்க, ஒரு தடவை இவங்க. சேர்த்துக்கிட்ட வரைக்கும் போதும். வறுவல் வேணுமா?”

மாலகி இரண்டு பொட்டலம் வாங்கினார். வெளியே வந்ததும் ஹேசல், லாவ் குடும்பம் செயல்முறைக்கு ஒத்துழைக்கவில்லை என்று குறித்துக்கொண்டார்.

கிறிஸ்துமஸ் நெருங்கியது. பிரிஜெட்டுக்கு மூச்சு வாங்கத் தொடங்கிவிட்டதாக நோரீன் சொல்லி அனுப்பினாள். மாலகி ஃபெர்கல் டியர்னியைப் பார்க்கப் போனார். டியர்னி ஒரு காலத்தில் அவருக்குக் கட்டளையிட்டவர். இப்போது கட்சியின் வட்டார ஒருங்கிணைப்பாளர். ஓட்டலில் ஜன்னலோரம் உட்கார்ந்து வெண்ணெய் ரொட்டிக்கு ஜாம் தடவிக்கொண்டிருந்தார்.

“உக்காருடா. டை கோணலா இருக்கு.”

மாலகி விஷயத்தைச் சொன்னார். “அவன் உளவாளி இல்லேன்னு ஒரு வரி போதும், ஃபெர்கல். அப்புறம் அவன் நம்ம பக்கம். ஸ்டின்சனுக்கு சார்ஜண்டு, நமக்கு ஜெரார்டு. ஜோடி சேர்ந்துடும். கிழவி உக்காந்துடும்.”

“அவன் உளவாளி இல்லேன்னு எனக்குத் தெரியாதா? எழுபத்தொன்பதுலயே தெரியும்.”

“அப்ப சொல்லிடலாமே.”

“தெரியறது வேற, சொல்றது வேற. அதுக்கு ஒரு முறை இருக்கு. உண்மைக்கான உபகுழுவுக்கு எழுதிப் போடு.”

“அதுல யாரு இருக்கா?”

“நான்தான்.”

“சரி, இப்ப உங்கிட்டதானே கேக்கறேன்.”

“இப்ப நான் உபகுழுவா உக்காரலடா, டீ குடிக்க உக்காந்திருக்கேன்.” டியர்னி ரொட்டியைக் கடித்து மெதுவாக மென்றார். “கேளு. இந்தப் பையன் விஷயத்துல தப்பு நடந்துபோச்சுன்னு ஒரு தடவை சொன்னேன்னு வெச்சுக்கோ. அடுத்த நாளே இன்னொருத்தி வந்து, அப்ப என் புருஷன்? என் மகன்?னு நிப்பா. அவங்களுக்கு என்ன சொல்ல? மத்ததெல்லாம் சரிதான்னா? நாம தப்பு பண்ணினவங்க இல்ல மாலகி. நாம காயப்பட்டவங்க. எனக்கு இன்னிக்கும் தூக்கம் வர்றதில்ல தெரியுமா? அதை யாராவது கேக்கறாங்களா? கிழவிக்கு வயசு எண்பத்தெட்டு. இத்தனை நாள் தாங்கினவ இன்னும் ஒரு மாசம் தாங்க மாட்டாளா? யாராவது நேரா கேட்டா, எல்லாத் தரப்பிலும் வலி இருந்ததுன்னு சொல்லு. அதுல பொய் ஒரு சொல்லுகூட இல்ல. ஜாமை இந்தப் பக்கம் நகர்த்து.”

மாலகி ஜாமை நகர்த்தினார்.

ஜனவரி முதல் வாரத்தில் குழு கூடியது. பார்வையாளர் வரிசையில் நோரீனும், சக்கர நாற்காலியில் பிரிஜெட்டும் இருந்தார்கள். கிழவி பூசைக்குப் போடும் கறுப்புக் கோட்டுப் போட்டிருந்தாள். மடியில் ஒரு கம்பளி. மூக்கில் குழாய், நாற்காலிக்குப் பின்னால் ஆக்சிஜன் சிலிண்டர். அதன் சீறல் சத்தம் கூட்டத்துக்கு இடையூறா என்று ஹேசல் விதிகளைப் பார்த்தார். விதி எதுவும் இல்லை, சத்தத்தை அனுமதித்தோம்.

ஸ்டின்சன் எழுந்தார். யாரும் எதிர்பார்க்கவில்லை, அவர் குரல் தணிந்திருந்தது.

“தலைவர் அவர்களே, நான் ஒளிவு மறைவில்லாம பேசறவன். எங்களுக்கு சார்ஜண்டு பெஞ்சு வேணும். அதுக்காக நான் எதையும் கேப்பேன். நாளைக்கே உங்க பூனை செத்தாலும் ஜோடின்னு ஒத்துக்குவேன். அதனால இப்ப கேக்கறேன். அந்தப் பையன் உளவு சொல்லலேன்னு தலைவர் தனக்குத் தெரிஞ்ச வரைக்கும் இங்க ஒரு வார்த்தை சொன்னா, அவன் உங்களவன்னு நாங்க பதிஞ்சுக்கறோம். ஓட்டெடுப்பு வேண்டாம். பெஞ்சு ரெண்டும் தயாராவே கிடக்கு. வெள்ளிக்கிழமை போட்டுடலாம்.”

ஊனா மெக்கீவர் தன் செல்போனைப் பார்த்தார். ஹேசல், தலைவர் தனிப்பட்ட முறையில் அறிந்ததைச் சொல்ல விதி இடம் தருகிறது என்றார். எல்லோரும் மாலகியைப் பார்த்தோம்.

அவர் பிரிஜெட்டைப் பார்த்தார். அவளும் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. வந்த விருந்தாளி எப்போது வாய் திறப்பார் என்று பொறுமையாகக் காத்திருக்கும் வீட்டுக்காரியின் பார்வை அது. சிலிண்டர் சீறிக்கொண்டிருந்தது. எவ்வளவு நேரம் என்று தெரியாது, சுவரில் கடிகாரம் இல்லை. சொல்ல வேண்டியது நாக்கு நுனிவரை வந்துவிட்டதாக மாலகி பிற்பாடு என்னிடம் சொன்னார். பாதி அங்கேயே நின்றது, மீதிப் பாதி, காரை ஓட்டியது யார் என்று அடுத்த கேள்வி வருமே என்று திரும்பிப் போய்விட்டது என்றார்.

“எல்லாத் தரப்பிலும் வலி இருந்தது” என்றார் மாலகி.

ஊனா கைதட்டினார். அது நாகரிகமாகத் தோன்றியதால் மற்றவர்களும் தட்டினார்கள். தலைவரின் உருக்கமான சொற்களுக்கு நன்றி தெரிவித்து, மேல் கலந்தாலோசனைக்காக மனுவை ஏப்ரலுக்கு ஒத்திவைத்தோம். நான் அப்படியே எழுதினேன்.

“என்ன சொன்னாரும்மா?” என்று பிரிஜெட் மகளிடம் கேட்டாள். காது மந்தம். அவள் கேட்டது எல்லோருக்கும் கேட்டது.

“அப்புறம் பாக்கலாம்னாங்கம்மா.”

“ஓ” என்றாள் கிழவி. கம்பளியைச் சரிசெய்துகொண்டு, “பாவம், அந்தப் பிள்ளை மாலகிக்கு முகமே வெளுத்துப் போச்சு. யாராவது ஒரு வாய் டீ கொடுங்களேன்” என்றாள்.

பதினோரு நாள் கழித்து பிரிஜெட் இறந்துபோனாள். ஏப்ரலில் குழு, மனுதாரரின் சூழ்நிலை மாறிவிட்டதைக் கவனத்தில் கொண்டு, மனுவை மன நிறைவோடு முடித்துவைத்தது. ஏரிக்கரையில், ஜெரார்ட் மீன் பிடித்த இடத்தில், பெயரே இல்லாமல் ஒரு பெஞ்சு போடுவது என்று முடிவானது. பெயர் இல்லாததால் ஜோடி தேவையில்லை. ஏரியைப் பார்த்துப் போட்டால் ஒரு குறிப்பிட்ட மீன்பிடிப்பவரை நினைவூட்டலாம் என்று ஹேசல் கருதியதால், கார் நிறுத்துமிடத்தைப் பார்த்துப் போட்டார்கள்.

திறப்பு விழாவில் மாலகியும் ஸ்டின்சனும் ஆளுக்கொரு கத்தரிக்கோலால் ஒரே நேரத்தில் ரிப்பனை வெட்டினார்கள். நடுவில் விழுந்த துண்டை யார் எடுப்பது என்று தெரியாமல் புல்லிலேயே விட்டார்கள். நோரீன் பள்ளிக்கூட ஏப்ரனோடு வந்து ஓரமாக நின்றாள். போட்டோக்காரர் போன பிறகு மாலகி அவளிடம் போனார்.

“நோரீன், உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்.”

“சொல்லுங்க.”

“ஜெரார்டு உளவு சொல்லல. ஆள் மாறிப்போச்சு.”

“தெரியும்.”

“தெரியுமா?”

“அந்த வருஷமே தெரியும். ஊருக்கே தெரியும் மாலகி. நீங்க காரை ஓட்டினதும் தெரியும். அம்மா மாடி ஜன்னல்ல இருந்து பாத்தாங்க. காரை எடுக்கும்போது தெருவுல விளையாடின பிள்ளைங்களுக்காக நீங்க நிறுத்தி வழி விட்டீங்களாம். நல்ல வளர்ப்புன்னு அம்மா சொல்வாங்க.”

“அப்புறம் எப்படி எனக்கு ஓட்டுப் போட்டீங்க?”

“வேற யாருக்குப் போடறது? ஸ்டின்சனுக்கா?” அவள் ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டாள். “எங்களுக்கு உங்ககிட்ட இருந்து தெரிஞ்சுக்க ஒண்ணும் இல்ல. நீங்க அதைச் சொல்றதை அம்மா தன் காதால கேக்கணும், அவ்வளவுதான். பெஞ்சு ஒரு சாக்கு. நீங்க சொன்னா கேக்கணும்னு அன்னிக்குப் புது பேட்டரி போட்டு காதுக் கருவியை மாட்டிவிட்டேன். உங்க வாயிலிருந்து வந்தது நல்லாவே கேட்டுச்சு அவங்களுக்கு. கேக்காத மாதிரிதான் எங்கிட்ட கேட்டாங்க, உங்களுக்குச் சங்கடமா இருக்கக் கூடாதுன்னு.”

பள்ளிக்கூடத்தில் இரண்டாம் சாப்பாட்டு மணி அடித்துவிடும் என்று சொல்லிவிட்டு அவள் போனாள். மாலகி அவள் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஸ்டின்சன் காருக்குள்ளிருந்து ஹாரன் அடித்தார். அன்று மதியம் இருவருக்கும் குப்பைத் தொட்டிக் குழு இருந்தது.

மாலகி அடுத்த வருடம் மேயர் ஆனார். இரண்டு முறை பதவியில் இருந்தார். பிறகு ஈரல் கெட்டு, ஒரு மார்ச் மாதம் இறந்துபோனார். சவப்பெட்டியின் மேல் கொடி போர்த்தினார்கள், டியர்னி கல்லறையில் பேசினார், இரண்டாயிரம் பேர் வந்தார்கள். டியர்னி இப்போது வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களில் சமாதானம் பற்றிச் சொற்பொழிவு செய்கிறார். ஸ்டின்சன் பக்கவாதத்தில் படுத்து, படுத்த இடத்திலேயே போனார். அவருடைய சார்ஜண்டுக்குக் கடைசிவரை ஜோடி கிடைக்கவில்லை. ஊனா மெக்கீவர் சட்டமன்றத்தில் இருக்கிறார். ஹேசல் குரோதர்ஸ் பதவி உயர்வு பெற்று பெல்ஃபாஸ்ட்டுக்குப் போனார். லாவின் மனைவி கடையை மருமகனிடம் விட்டுவிட்டு மகள் வீட்டில் இருக்கிறார். பேக்கி மக்கோர்ட் தொண்ணூற்று மூன்று வயதில் இறந்தார். நோரீன் ஓய்வு பெற்றுவிட்டாள், அதே வீட்டில் தனியாக இருக்கிறாள், பூசைக்கு வருவதில்லை. பிரிஜெட்டை ஜெரார்டின் குழியிலேயே அவன் மேல் வைத்துப் புதைத்தார்கள். ஜெரார்டைப் பற்றிய அந்த அறிக்கை இதுவரை திரும்பப் பெறப்படவில்லை.